பாம்பு முட்டையைப் புரட்டாதீர்கள்

பிளாஸ்டிக் டப்பாவை என் மேசைமேல் வைத்தார் பாம்பு வளர்க்கும் ஒருவர். உள்ளே கார்ன் ஸ்னேக் என்ற வளர்ப்புப் பாம்பின் பதினொரு முட்டைகள், மஞ்சளடித்துச் சுருங்கிக் கிடந்தன. “நல்ல இன்குபேட்டர்தான் டாக்டர் வாங்கினேன். தானாகவே புரட்டிவிடும்” என்றார். கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவி அது. வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், நாள் முழுக்கப் புரட்டல். கோழிக்கு இரண்டும் சரி. பாம்புக்கு இரண்டுமே எமன்.

பொரியாத முட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் கரு எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியும். தவறு எங்கே என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தப் பதினொன்றில் இரண்டு முதலிலிருந்தே கூமுட்டை. மற்ற ஒன்பதிலும் கரு பிடித்து, சில நாள் வளர்ந்து, செத்திருந்தது.

பறவை முட்டையில் மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய கயிறு மாதிரி வெள்ளை இழைகள் இருக்கும். முட்டை உருண்டாலும் மஞ்சள் கருவை நடுவில் நிறுத்துவது அவைதான். பாம்பு முட்டையில் அந்த ஏற்பாடே கிடையாது. இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்புறச் சவ்வை ஒட்டி இடம்பிடித்துவிடும். அதற்குப் பிறகு புரட்டினால் மெல்லிய சவ்வும் ரத்தக் குழாயும் கிழியலாம், மஞ்சள் கருவின் பாரத்தில் கரு அமுங்கலாம். ஆகவே முட்டையை எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கடைசி நாள் வரை அந்தக் கோடு மேலேயே இருக்கட்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிய்க்க வேண்டாம், கொத்தாகவே வையுங்கள்.

வெப்பத்துக்கு வருவோம். பால் பைத்தான் (ball python) என்ற வளர்ப்பு மலைப்பாம்பின் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி. ஏறக்குறைய 55 முதல் 60 நாளில் பொரியும். கார்ன் ஸ்னேக்குக்கு 27, 28 டிகிரி போதும், அதற்கும் சுமார் இரண்டு மாதம். ஒரு டிகிரி குறைந்தால் பொரிப்பது சில நாள் தள்ளிப்போகும், பெரும்பாலும் அவ்வளவுதான். கூடினால்தான் வினை. முதுகெலும்பு கோணலான குட்டிகள், முழுதாக வளர்ந்து முட்டைக்குள்ளேயே செத்த குட்டிகள் என்று என்னிடம் வருபவற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான். வெப்பத்தை நிலையாக வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். அதன் உணர்முனை முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவரோரம் காட்டும் அளவு முட்டைக்கு உதவாது. முட்டை வருவதற்கு முன்பே காலிப் பெட்டியை நாலைந்து நாள் ஓடவிட்டு, இரவும் பகலும் அளவு நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். சூட்டைக் கூட்டினால் பெண் குட்டி பிறக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. அது முதலைக்கும் பல ஆமைகளுக்கும் உள்ள கதை. பாம்புக்கு ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன.

ஈரத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். பாம்பு முட்டையின் ஓடு தோல் மாதிரி. தண்ணீரை உறிஞ்சவும் செய்யும், இழக்கவும் செய்யும். முட்டைக்கு அடியில் பரப்பும், ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டில் தண்ணீர் கலந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முட்டைமேல் நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். பாதி நாளிலேயே முட்டை குழிவிழுந்தால் காய்கிறது என்று அர்த்தம். டப்பாவின் ஓரமாகக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் விழும் குழி வேறு. அது பொரிக்கப் போகும் முட்டையின் இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கொட்டி, நல்ல முட்டைகளை மூழ்கடித்தவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும், தினமும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து, இருட்டில், முட்டையை அசைக்காமல் பக்கத்தில் டார்ச் வைத்துப் பார்த்தால் சிவப்பு நரம்புகள் தெரியும். வெறும் மஞ்சள் ஒளி என்றால் கூமுட்டையாக இருக்கலாம். ஆனால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். நாற்றமும் ஒழுகலும் இல்லாத முட்டையை விட்டுவைப்பதில் நட்டமில்லை. ஆண் பாம்பே வீட்டில் இல்லை, எப்படிக் கரு பிடிக்கும் என்று முட்டையை வீசுபவர்களுக்கு ஒன்று: பெண் பாம்பு பழைய இணைசேர்க்கையின் விந்தைப் பல மாதம் சேமித்து வைத்திருக்கும். அபூர்வமாக, ஆணே இல்லாமலும் குட்டி பிறப்பதுண்டு.

பொரிக்கும் நாளில்தான் கை அதிகம் துறுதுறுக்கும். குட்டி தன் முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அப்படியே கிடக்கும். மிச்ச மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று ராத்திரியில் ஒருவர் வெளியே இழுத்துவிட்டார். கிழிந்த மஞ்சள் கருப் பையோடு வந்த குட்டியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கூடப் பிறந்த மற்ற குட்டிகள் தாமாகவே வெளியே வந்துவிட்டன. குட்டி வெளியே வந்த பின்பும் இரைக்கு அவசரமில்லை. ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பிறகு கொடுத்தால் சரி.

இந்தப் பரபரப்பில் தாயை மறந்துவிடுகிறார்கள். சில முட்டை இட்டுவிட்டு, வயிற்றில் இன்னும் மேடு தெரிய, ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்தால் மீதி முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெளியிலிருந்து அழுத்தித் தள்ளப் பார்க்காதீர்கள், முட்டைக்குழாய் கிழிந்துவிடும். அப்போது இன்குபேட்டரை அப்படியே விட்டுவிட்டு, பாம்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.