கால்பந்து டிரான்ஸ்ஃபர்: கடைசி ஆறு மாதத்தில் வீரருக்கு உள்ள உரிமை

ஒரு வீரரை இத்தனை கோடிக்கு வாங்கினார்கள் என்று செய்தி வந்தால், ஆளுக்கே விலை வைத்ததுபோல் தோன்றும். உண்மையில் அது அவருடைய ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கான விலை. இது பிடிபட்டால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் பாதி புரிந்த மாதிரிதான்.

முன்பெல்லாம் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பழைய கிளப் பணம் கேட்கலாம். பெல்ஜிய வீரர் போஸ்மன் 1990இல் அப்படித்தான் மாட்டிக்கொண்டு நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இப்போது ஒப்பந்தம் முடிய 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், வீரர் அடுத்த கிளப்புடன் கையெழுத்துப் போடலாம். பேச வரும் கிளப் நடப்பு கிளப்புக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும்; அனுமதி தேவையில்லை. அதனால்தான் ஓராண்டு, இரண்டாண்டு மீதமிருக்கும்போதே கிளப்புகளுக்குப் பதற்றம் வருகிறது. சம்பளத்தை உயர்த்திப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். நெய்மாருக்காக 2017இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கிளப் செலவழித்தது 22.2 கோடி யூரோ. அதே கிளப்பிலிருந்து எம்பாப்பே 2024இல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிட் போனபோது டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம். 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு வழக்கமாக வீரரின் கையெழுத்து போனஸாகவும் ஏஜென்ட் கமிஷனாகவும் போய்விடும்.

சம்பள பாக்கிக்கும் வழி உண்டு. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்புறமும் வரவில்லையென்றால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

காரணமில்லாமல் முறித்தால் இழப்பீடு உண்டு. ஆனால் பிரெஞ்சு வீரர் டியாராவின் வழக்கில் 2024 அக்டோபரில் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு, அந்த விதிகளில் சிலவற்றை ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றது. ஃபிஃபா அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று.

சரி, சிறு வயதில் வளர்த்த கிளப்புக்கு என்ன? ஒப்பந்தக் காலத்தில் வேறு நாட்டு கிளப்புக்கு விற்கப்பட்டால், தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25, அதன்பின் 0.5 சதவீதம். 10 கோடி யூரோ விற்பனையென்றால், 16 வயதில் ஓராண்டு வைத்திருந்த கிளப்புக்கு 5 லட்சம். அதே வீரர் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து 'இலவசமாக'ப் போனால், இந்த வகையில் அந்தக் கிளப்புக்கு ஒன்றும் கிடைக்காது.