ஹம்பிள் பிகினிங்ஸ்: இதில் பணிவு எங்கே வந்தது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு வெள்ளிவிழா. 'பணிவான தொடக்கத்திலிருந்து இன்று வரை' என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே முதலாளி கைகூப்பி நிற்கும் படம். படத்துக்கு வாசகம் பொருத்தம்தான், அது மொழிபெயர்க்க நினைத்த 'ஃப்ரம் ஹம்பிள் பிகினிங்ஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்குத்தான் பொருந்தவில்லை. தாழ்ந்த நிலையில் தொடங்கி மேலே வந்ததைச் சொல்லும் தொடர் அது.

லத்தீனில் 'ஹூமுஸ்' என்றால் மண். அதிலிருந்து 'ஹுமிலிஸ்': தரையோடு தரையாக இருப்பது, தாழ்ந்தது. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் 'ஹம்பிள்' ஆனது. நிலை தாழ்ந்திருந்தாலும் ஹம்பிள், மனம் தாழ்ந்து பணிந்தாலும் ஹம்பிள். நம் 'தாழ்' என்ற சொல்லும் இப்படித்தான் தாழ்வாகவும் தாழ்மையாகவும் கிளைத்திருக்கிறது. இந்தத் தொடரில் வருவது தாழ்ந்த நிலை மட்டுமே. குணத்துக்கு இங்கே வேலையில்லை. பிகினிங்ஸ் என்று பன்மையில் சொல்வதே வழக்கம்.

இன்னொன்று, பின்னால் வளர்ந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். நேற்று திறந்த கடைக்குப் போட்டால் சிரிப்பார்கள். வளர்ந்தவர் எல்லோருக்கும் பொருந்தும் என்றும் இல்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் வசதியான குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் வரை போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன், ஆங்கிலேயர் காலத்துச் சேலம் கலெக்டர். இவர்களுக்கு ஏது ஹம்பிள் பிகினிங்ஸ்? சேலத்து ஜவ்வரிசிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். உலகப்போரில் இறக்குமதி நின்றுபோன சமயம், 1943 வாக்கில், மரவள்ளிக் கிழங்கை இடித்து, பாலை வடிகட்டித் தெளியவைத்து, அடியில் தங்கிய மாவை உருட்டி வறுத்த குடிசைத் தொழில் அது. 1981இல் சேகோசர்வ் என்று தனிக் கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? 'எளிய தொடக்கம்' என்று பலரும் எழுதுகிறார்கள். எளியோர் என்றால் ஏழைகள் என்பதால் அது தவறில்லை. ஆனால் 'சொல்லுதல் யார்க்கும் எளிய' என்ற குறளில் எளிய என்றால் சுலபம். கஷ்டப்பட்டு மேலே வந்தவரைப் பற்றி 'எளிய தொடக்கம்' என்று எழுதினால், சுலபமாக ஆரம்பித்துவிட்டார் என்றும் படிக்கலாம். ஆளைப் பற்றியென்றால் 'எளிய குடும்பத்தில் பிறந்தவர்' என்பதில் இந்தக் குழப்பம் வராது. தொழிலுக்கு 'சிறிய அளவில் தொடங்கி' போதும். எனக்குப் பிடித்தது 'கைமுதல் இல்லாமல் தொடங்கி'. சேலத்தில் யாரும் சட்டெனப் புரிந்துகொள்வார்கள், பட்டறைக்காரரும் கைகூப்பிய படத்தை மாற்ற வேண்டியதில்லை.