சூடு அதிகமானால் பாம்பு தானாகவே நகர்ந்துகொள்ளும் என்று நம்பாதீர்கள்

பிரிட்டனில் குளிர் இறங்கியதுமே ஹீட்டர் சூட்டில் வயிறு வெந்த வளர்ப்புப் பாம்புகள் சிகிச்சைக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ராயல் பைத்தான் என்ற சிறு மலைப்பாம்பு. அமெரிக்காவில் 'Ball' பைத்தான் என்பார்கள். அடிவயிற்றுச் செதில்கள் சிவந்து, நீர் கோத்து, பழுப்பேறிக் கிடக்கும். வளர்ப்பவர்கள் எல்லாரும் பாசமானவர்கள்தான். சொல்வதும் ஒன்றேதான்: "ரொம்பச் சுட்டா அதுவே நகர்ந்துடும்னு நெனச்சோம் டாக்டர்."

நகராது. பாம்புக்கு வலி தெரியும்; ஆனால் நாம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வதுபோல் அது பல நேரம் செய்வதில்லை. பெட்டி முழுக்கக் குளிர்ந்து, சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட் இருக்கும் இடம் மட்டுமே சூடாக இருந்தால், உடம்பின் உள்ளே இன்னும் குளிர் விலகாத பாம்பு தோல் வெந்தாலும் அங்கேயே சுருண்டு கிடக்கும். இரை விழுங்கியிருந்தால் செரிக்கச் சூடு வேண்டும். அந்த இடத்தை விடவே விடாது. இன்னொன்றும் உண்டு. ஒளிந்துகொள்ளும் குடில் சூடான பக்கத்தில் மட்டும் இருந்தால், கூச்சம் மிகுந்த ராயல் பைத்தான் திறந்த இடத்துக்கு வருவதைவிடச் சூட்டைத் தாங்கிக்கொண்டு உள்ளேயே இருக்கும். அதனால் குடில் இரண்டு வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் செருகாதீர்கள், எவ்வளவு சின்ன மேட் ஆனாலும். கட்டுப்பாடில்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டக்கூடும். மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும்; வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டருக்குப் பல்ஸ் வகை, வெளிச்சம் தரும் பல்புக்கு டிம்மர் வகை. மேட் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒட்டினால் தொட்டிக்குக் கால் வைத்துக் காற்றிடைவெளி விடுங்கள். இல்லையென்றால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். மரப்பெட்டியின் அடியில் மேட் வைப்பது வீண். சூடு மரத்தைத் தாண்டி மேலே வராமல் அடியிலேயே தேங்கும்.

தெர்மோஸ்டாட் வாங்கியும் பாம்பு வெந்துபோகிறது என்றால் பெரும்பாலும் பெட்டிக்குள் சூட்டை அளக்கும் அதன் உணர்முனையான ப்ரோப்தான் காரணம். பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும், அல்லது தண்ணீர்க் கிண்ணம் அதன்மேல் கவிழும். கருவி "இன்னும் குளிர்கிறது" என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டும். ப்ரோப்பைக் கேபிள் கிளிப் போட்டு இறுக்குங்கள். பெட்டிக்குள் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், தயவுசெய்து. பாம்பின் தோலில் ஒட்டிய டேப்பைப் பிய்க்கும்போது செதிலும் சேர்ந்து வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். பெட்டிக்குள் பொருத்தினால் சுற்றிலும் கம்பிக்கூண்டு கட்டாயம், கூண்டும் ஹீட்டரைத் தொடக் கூடாது. கூண்டு இல்லையென்றால் பாம்பு அதிலேயே சுற்றிக்கொள்ளும். வாட்டைத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அதிகப்படி வாட்தான் பாம்பைக் கொல்லும். சூடேறும் 'ஹீட் ராக்' கற்கள் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அவற்றில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

ராயல் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31–32, குளிர்ந்த பக்கம் 24–26 டிகிரி செல்சியஸ். சுவரில் ஒட்டும் வட்ட டயல் தெர்மாமீட்டர் சொல்வதை நம்ப வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தரையைக் குறிவைத்து அளவு எடுங்கள். மேட் இருக்கும் இடத்தில் தரையில் பரப்பிய தென்னை நார்த்தூளை விலக்கி, அடித்தரையையும் அளக்க வேண்டும். மேலே 30 காட்டும்போது அடியில் 40ஐத் தாண்டியிருக்கலாம். பாம்பு தோண்டிப் போய்ப் படுப்பது அங்கேதான். பாம்பை விடுவதற்கு முன் இரண்டு நாளாவது வெறும் பெட்டியை ஓடவிட்டு, இரவிலும் பாருங்கள்.

வயிற்றில் சிவப்பு தெரிந்தால் ஹீட்டரை நிறுத்தி, அறையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். காயத்தில் குளிர்ந்த நீர் விடலாம், ஐஸ் வேண்டாம். மஞ்சள், எண்ணெய், மனிதர்களுக்கான களிம்பு எதுவும் வேண்டாம். பெட்டியின் தரையில் பரப்பியதை எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெந்த ஆழம் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், அதற்குள் கிருமி ஏறிவிடும். போகும்போது பெட்டியையும் ப்ரோப் இருக்கும் இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதைச் சரிசெய்யாமல் பாம்பைத் திரும்ப அதே பெட்டியில் விட்டால், ஆறும் தோல் மறுபடி வேகும்.