சம்பளக் குறைப்பா? முதலில் கடிதத்தைப் படியுங்கள்

நிறுவனம் முழுக்கச் சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊழியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம்?" பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். கோவையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் பேரோல் (சம்பளப் பட்டியல்) போட்டுக் கொடுப்பதும், பிஎஃப் (சேமநல நிதி), இஎஸ்ஐ (ஊழியர் மருத்துவக் காப்பீடு) கணக்குகளைப் பார்ப்பதும் என் தொழில். 2020 கோடையில், கொரோனா ஊரடங்கின்போது, பம்ப் கம்பெனி முதல் சாஃப்ட்வேர் கம்பெனி வரை பல இடங்களில் குறைத்த சம்பளத்துக்குப் பட்டியல் தயாரித்திருக்கிறேன். ஒரே இருபது சதவீதக் குறைப்பு ஒருவருக்குச் சில மாதச் சிரமத்தோடு போனது, இன்னொருவருக்கு நிரந்தர நஷ்டமாக நின்றது. வித்தியாசம் சதவீதத்தில் இல்லை, கடிதத்தில் இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது, குறைக்கிறார்களா, தள்ளிவைக்கிறார்களா என்பது. 2020-இல் கேரள அரசு தன் ஊழியர்களிடம் மாதம் ஆறு நாள் ஊதியத்தை ஐந்து மாதங்களுக்குப் பிடித்து வைத்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் அவசரச் சட்டமே கொண்டுவந்தார்கள். அது தள்ளிவைப்பு. எம்.பி.க்களின் சம்பளத்தில் அதே ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு 30 சதவீதம் எடுத்தார்களே, அது குறைப்பு. தனியார் நிறுவன மெயில்களில் இந்த இரண்டும் வேண்டுமென்றே குழப்பி எழுதப்படும். "நிலைமை சீரானதும் பரிசீலிக்கப்படும்" என்று இருந்தால் அது திரும்பி வராத பணம் என்றே வைத்துக்கொண்டு குடும்பக் கணக்கைப் போடுங்கள். உண்மையிலேயே தள்ளிவைப்பு என்றால் எவ்வளவு, எந்த மாதம் திரும்பத் தருவார்கள் என்று எழுத்தில் வேண்டும். வருமான வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. சம்பளம் கைக்கு வந்த நாள், அது உங்களுக்குச் சேர வேண்டிய நாள், இதில் எது முந்தியதோ அந்த நாளில் வருமானமாகிவிடும். ஆகவே தள்ளிவைத்த சம்பளத்துக்குப் பணம் வருமுன்பே வரிக் கணக்கு வந்து நிற்கலாம். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட குறைப்பில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, சம்பளத்தின் எந்த வரியில் கை வைக்கிறார்கள் என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 2020-இல் ஸ்பெஷல் அலவன்ஸில் குறைத்த இடங்களில் பெரும்பாலும் கையில் வருவதுதான் குறைந்தது. பேசிக்கில், அதாவது அடிப்படைச் சம்பளத்தில், குறைத்தால் பிஎஃப் சுருங்கும், வீட்டு வாடகைக்கான வரிச் சலுகையின் கணக்கு மாறும், எல்லாவற்றுக்கும் மேல் கிராஜுவிட்டி அடிவாங்கும். கிராஜுவிட்டி என்பது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை; கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல் போடுவது. கணக்கில் சேரும் சம்பளம் பேசிக் 40,000 ரூபாய் மட்டும், சர்வீஸ் 12 வருடம் என்றால் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்க, சுமார் 2,76,900 ரூபாய் வரும். பேசிக்கை 30,000-க்கு இறக்கிய காலத்தில் வேலையை விட்டாலோ, ஓய்வுபெற்றாலோ, ஆட்குறைப்பில் போனாலோ 2,07,700 தான். பன்னிரண்டு வருட உழைப்புக்கான பணத்தில் 69,000 ரூபாய், சில மாதக் குறைப்பால் போய்விடுகிறது. ஓய்வுக்கு நெருங்கியிருந்த ஒரு ஃபவுண்டரி சூப்பர்வைசர் மட்டும் இதைச் சரியாகப் பிடித்தார். "கிராஜுவிட்டியும் லீவு சம்பளமும் குறைப்புக்கு முந்தைய ஊதியத்தில் கணக்கிடப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். முதலாளி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் கிடைத்ததும் அவர் ஒருவருக்குத்தான்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பவர்களுக்கு: ஓரளவுக்கு. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் ஊதியத்தை மாற்ற 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மேனேஜர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதம்தான் சட்டம். 2020-இல் நடந்ததையும் நினைவில் வையுங்கள். மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம், ஊரடங்கு காலத்தில் ஊதியத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மே 18 முதல் அது விலகிவிட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் முதலாளிகளும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. அதற்குப் பிறகும் பல மாதம் அந்த மார்ச் உத்தரவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி "இது செல்லுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பேச்சுவார்த்தை என்றால் சண்டை என்று அர்த்தமில்லை. ஆனால் பதிலே போடாமல் மாதாமாதம் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் பின்னால் வாதிடுவார்கள். நான்கு வரி மெயில் போதும்: "நிறுவனத்தின் நிலைமை புரிகிறது. இந்தக் குறைப்பைத் தற்காலிக ஏற்பாடாக, குறிப்பிட்ட மாதம் வரை ஏற்கிறேன். என் பழைய சம்பள விகிதமே தொடர்கிறது என்று உறுதிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதற்காக வேலையை விட்டு அனுப்பிய நிறுவனம் எதையும் நான் பார்த்ததில்லை. பத்துப் பேர் சேர்ந்து அனுப்பினால் இன்னும் நல்லது. ஆட்களை எடுப்பதைவிட எல்லாருக்கும் கொஞ்சம் குறைப்பது மேல் என்பதுதான் என் கருத்தும். ஆனால் மேலே போகப் போகக் குறைப்பு சதவீதம் கூட வேண்டும். டைரக்டருக்கும் டெலிவரி பையனுக்கும் ஒரே இருபது சதவீதம் என்பது சமம் மாதிரி தெரியும், சமமில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். பணம் குறைந்ததும் முதலில் நிற்பது இஎம்ஐ. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்தபோது, பணம் இருந்தவர்களும் இலவசம் என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 8 சதவீத வட்டி, 20 வருடம், தவணை சுமார் 25,100. கடன் ஆரம்பத்திலேயே ஆறு மாதம் கட்டாமல் விட்டு, அந்த வட்டியை அசலோடு சேர்த்து, அதே தவணையைத் தொடர்ந்தால் 240 தவணை 266 ஆகும். ஆறு தவணையைத் தள்ளிப்போட்டதற்கு விலை இருபத்தாறு தவணை. வட்டிக்கு வட்டியைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்களே என்றால், கொடுத்தது அந்த ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் சாதா வட்டிக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும். ஆகவே முடிந்தவரை வட்டியையாவது கட்டுங்கள். வங்கி மேனேஜரிடம் தவணை தவறுவதற்கு முன்னால் போய்ப் பேசினால் கேட்பார், தவறிய பிறகு போனால் வசூல் பிரிவின் நம்பர்தான் கிடைக்கும்.

பிஎஃப்பை எடுக்கலாமா? 2020-இல் மூன்று மாத பேசிக்கும் டிஏ-வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகை அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணமாக எடுக்க விட்டார்கள். ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாதே என்று அறிவுரை சொல்வது சுலபம். கிரெடிட் கார்டில் வருடத்துக்கு நாற்பது சதவீத வட்டி ஓடிக்கொண்டிருந்தால் பிஎஃப்பில் எடுத்து அதை அடைப்பதே சரி. பிஎஃப்பில் எடுத்துச் சொந்தக்காரர் சீட்டில் போட்டவர்களும் உண்டு, அதைப் பற்றி என்ன சொல்ல.

நகை அடகில் ஒரு எச்சரிக்கை. 2020 ஆகஸ்டில் தங்க மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் கொடுக்க வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதம் உச்சத்தில் இருந்த தங்கம் அடுத்த மார்ச்சுக்குள் நன்றாகவே இறங்கிவிட்டது. முழு மதிப்புக்கும் வாங்கியவர்களிடம் மேற்கொண்டு பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அவசரத்துக்கு அடகு வையுங்கள், ஆனால் தருகிறார்கள் என்பதற்காக எல்லையைத் தொடும்வரை வாங்காதீர்கள்.

வீட்டில் சொல்லாமல் மறைப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். "அக்கவுண்டில் போடுவதை இரண்டு பாகமாகப் போட முடியுமா, வீட்டில் மெசேஜ் பார்ப்பாங்க" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மறைத்த மாதங்களில் செலவு குறையாது, கடன்தான் ஏறும். மனைவிக்கோ கணவருக்கோ பே ஸ்லிப்பைக் காட்டிவிட்டால் பள்ளிக் கட்டணத்தைத் தவணையாகக் கேட்பது, ஊருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தாமல் பாதியாக்குவது என்று வழி தானாகப் பிறக்கும். வெட்டக் கூடாதவை இரண்டு உண்டு: மருத்துவக் காப்பீடும் டெர்ம் பாலிசி என்ற ஆயுள் காப்பீடும். அதேபோல், குறைப்புக்குப் பின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால் இஎஸ்ஐ-க்குள் வருகிறீர்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான்.

அந்த நேரத்தில் வேறு வேலை தேடினால், புதிய இடத்தில் கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள். குறைந்த சம்பளத்தின் மேல் முப்பது சதவீதம் உயர்வு என்பார்கள், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பழைய சம்பளமே வந்து நிற்கும். அதனால் குறைப்பு தற்காலிகமானது என்று சொல்லும் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. சம்பளம் பழைய நிலைக்குத் திரும்பும் மாதத்தில்தான் யாரும் பே ஸ்லிப்பைப் பார்ப்பதில்லை. மொத்தத் தொகை சரியாக இருக்கும். உள்ளே, முன்பு நிலையான சம்பளமாக இருந்ததில் ஒரு பகுதி வேரியபிள் பே என்று இடம் மாறியிருக்கும், அதாவது வருட முடிவில் லாபம் இருந்தால் கிடைக்கும். குறைப்புக்கு முந்தைய மாதச் சீட்டையும் திரும்பிய மாதச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேசிக் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள். அடுத்த இன்கிரிமெண்ட் வந்துவிட்டால் பேசுவது கஷ்டம்.