அசையாத மூட்டையைத் தராசு அறிவது எப்படி?

நெல் கொள்முதல் செய்யும் ஒரு வியாபாரியின் எலக்ட்ரானிக் தராசைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். 5 கிலோ, 10 கிலோ எடைக்கற்களுக்குச் சரியாகக் காட்டிய அந்தத் தராசு, 50 கிலோ ஏற்றியதும் 48.6 என்றது. மேல்தட்டைக் கழற்றினால், சுமையை உணரும் உலோகக் கட்டையான லோடு செல்லின் நுனிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு கருங்கல் சில்லு சிக்கியிருந்தது.

விசை என்றால் முடுக்கம் என்றே பள்ளியில் படித்தவர்களுக்கு, அசைவின்றிக் கிடக்கும் மூட்டையில் தராசு எதைத்தான் அளக்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. மூட்டை அசையாததற்குக் காரணம் அதன்மீது விசை இல்லை என்பதன்று. புவி கீழே இழுக்கும் அதே அளவுக்குத் தராசு அதை மேலே தாங்குகிறது என்பதே. எந்தப் பொருளும் சற்றேனும் வளையாமல் சுமை தாங்குவதில்லை. தராசு அளப்பது தனக்குள் நேரும் அந்த வளைவைத்தான். லோடு செல் என்பது ஓர் அலுமினிய அல்லது எஃகுக் கட்டை. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய உலோகப் படலம் கட்டையோடு சேர்ந்து நீளும்போது அதன் மின்தடை, முழுச் சுமையில்கூட, 350 ஓமிலிருந்து ஏறத்தாழ 350.7 ஓமாக மட்டுமே உயரும். நான்கு படலங்களைப் பாலம்போல் இணைத்து, இந்த நுண்ணிய மாற்றத்தைச் சில மில்லிவோல்ட்டாக்கி, அதையே கிலோவாகக் காட்டுகிறார்கள்.

ஆகவே, வளைவைத் தடுக்கும் எதுவும் எடையைத் திருடும். சுமை குறைவாக இருந்தவரை நுனி அந்தச் சில்லைத் தொடவே இல்லை. சுமை கூடியதும் அதன் ஒரு பங்கு சில்லின் வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. மூட்டை சுவரில் சாய்ந்திருந்தாலும் இதுவே நிகழும். தராசு அறிவது விசையை என்பதால் இடமும் கணக்கில் வரும்: டில்லியில் 50 கிலோவுக்குச் சரிசெய்த தராசு, சென்னையில் சுமார் 40 கிராம் குறைத்துக் காட்டும்.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை கட்டாயம். ஆனால், சில்லு சிக்குவதற்கு ஒரு நாள் போதும். விற்பவர்கள் சிறிய எடைக்கல்லோடு திருப்தியடையாமல், தம் மூட்டையின் எடைக்கு நிகரான எடைக்கற்களை ஏற்றிக் காட்டும்படி கேளுங்கள். அவற்றையே தட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள்.

சில்லை எடுத்தபின் தராசு 50.00 காட்டியது. அதுவரை எத்தனை மூட்டைகள் அதில் ஏறி இறங்கின என்பதை வியாபாரியாலும் சொல்ல முடியவில்லை.