கருப்பை இறக்கம்: நூறில் மூன்றா, ஐம்பதா?

கருப்பை இறக்கம் நூறு பெண்களில் மூன்று பேருக்கு என்று ஓரிடத்திலும், ஐம்பது பேருக்கு என்று இன்னோரிடத்திலும் போட்டிருக்கிறதே, எது சரி என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இரண்டும் சரிதான்; கோடு போட்ட இடம்தான் வேறு.

'கீழே ஏதாவது பிதுங்கி வருவதுபோல் இருக்கிறதா?' என்று கேட்டு எண்ணினால் 3 முதல் 6 சதவீதம். முக்கச் சொல்லிப் பரிசோதித்து, லேசான தாழ்வையும் சேர்த்தால் 40, 50 சதவீதம். இறக்கத்தை அளக்க 1996-இல் வந்த முறையில், யோனி வாசலில் உள்ள கன்னிச்சவ்வு வளையம்தான் பூஜ்ஜியம். அதற்கு உள்ளே மைனஸ், வெளியே பிளஸ், எல்லாம் சென்டிமீட்டரில். பூஜ்ஜியத்தைத் தாண்டாதவரை பெரும்பாலோருக்குத் தொந்தரவே தெரியாது. அவர்களையும் நோயாளிக் கணக்கில் சேர்ப்பது வீண் பயமுறுத்தல்.

தொந்தரவு ஏன் சரியாக அந்த வளையத்தில் தொடங்குகிறது? அழகு இங்கேதான். இடுப்பின் அடியில் ஒரு தசை, கவண் வார்போல முன்னெலும்பில் தொடங்கி மலக்குடலின் பின்னால் சுற்றி வந்து, எப்போதும் இறுகியே இருக்கிறது. அதனால் யோனியின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று அழுத்திக் கிடக்கின்றன. இருமினாலும் இரு பக்கமும் ஒரே அழுத்தம். எந்தச் சுவரும் நகராது. பிரசவத்தில், குறிப்பாக ஆயுதம் போட்டு எடுக்கும்போது, மூன்று மடங்குக்கு மேல் நீளும் இந்தத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடலாம். வாசல் அகலும். முன்சுவர் அதில் எட்டிப் பார்த்ததும் உள்பக்கம் வயிற்றின் அழுத்தம், வெளிப்பக்கம் வெறும் காற்றழுத்தம். ஒவ்வொரு இருமலும் இப்போது சுவரை வெளியே தள்ளும். தசை பார்த்த வேலை தசைநார்களின் தலையில் விழ, அவை வருடக்கணக்கில் மெல்ல இழுபடும். இருபத்தைந்தில் பட்ட காயம் ஐம்பத்தைந்தில் தெரிவது இப்படித்தான்.

பெயரே கொஞ்சம் ஏமாற்று. அதிகம் இறங்குவது முன்சுவரும் அதையொட்டிய சிறுநீர்ப்பையும்தான். கருப்பையை எடுத்தால் தீரும் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் கருப்பை இருந்தவர்களில் 41 சதவீதத்துக்கும், எடுத்தவர்களில் 38 சதவீதத்துக்கும் ஏதாவது ஓர் இறக்கம் இருந்தது.

லேசான இறக்கத்துக்கு முதலில் தசைப் பயிற்சி: ஆசனவாயில் வாயு பிரிவதை அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து 6 முதல் 8 விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்தவும். 8 முதல் 12 தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்குவதுதான் வழக்கமான தப்பு. அது நேர்எதிர் வேலை. பிய்ந்த தசையைப் பயிற்சி ஒட்டவைக்காது, மீதித் தசையைப் பலப்படுத்தும். போதாவிட்டால் தாங்கிப் பிடிக்க யோனிக்குள் சிலிக்கோன் வளையம் வைக்கலாம். சிறியதானால் கழிவறையில் விழும், பெரியதானால் புண்ணாக்கும். ரத்தம் கசிந்தால் வளையத்தின் வேலைதான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவும்.