கடற்சாமந்தி: காற்றின் பெயரும் கன்றின் அடையாளமும்

கடற்சாமந்தி என்பது கடலடிப் பாறையில் தன் அடித்தட்டால் ஒட்டிக்கொண்டு, ஒரே வாயைச் சுற்றிலும் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கொம்புகளை விரித்து இரைக்குக் காத்திருக்கும் குழியுடலி விலங்கைக் குறிக்கும் தமிழ்ச்சொல். ஆங்கிலத்தில் அதனைச் ‘சீ அனிமோன்’ என்பர். மீன்தொட்டி வளர்ப்போர் பேச்சில் ‘அனிமோன்’ என்றோ, பாதி மொழிபெயர்ப்பாகக் ‘கடல் அனிமோன்’ என்றோ வழங்குகிறது. வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில், நாம் வாங்கி வைக்காத ஏதோ ஒன்று பாறை இடுக்கில் மிளகளவில் முளைத்து நிற்பதைக் காணும் நாளில், இந்தப் பெயர்கள் வெறும் சொல்லாராய்ச்சியாக இருப்பதில்லை; அது செடியா, பவளமா, விரும்பத்தக்க விலங்கா, தொட்டியையே மூடிவிடும் களையா என்று தெரியாமல் அதை வளர்க்கவும் இயலாது, அகற்றவும் இயலாது.

முதலில் அனிமோன் என்ற சொல்லைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் ‘அனிமோஸ்’ என்றால் காற்று. அதிலிருந்து பிறந்ததாகப் பெரும்பாலும் கருதப்படும் ‘அனிமோனே’ என்பது நிலத்தில் பூக்கும் ஒரு சிறு செடியின் பெயர். காற்று வீசும்போது மட்டுமே இப்பூ மலரும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அச்செடியின் உறவினம் ஒன்று நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளிலும் வெண்மையாகப் பூக்கிறது என்றாலும், சமவெளித் தமிழர் அறிந்த பூ அன்று அது. பழங்கிரேக்கர் கடல் விலங்குக்கு இப்பூவின் பெயரைச் சூட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அரிஸ்டாட்டில் அதைச் செந்தட்டிச் செடியைக் குறிக்கும் சொல்லாலேயே அழைத்தார். தொட்டால் எரியும் என்பதே அவர் கண்ட முதன்மையான அடையாளம். செந்தட்டியைக் குறிக்கும் ‘க்னிடே’ என்ற கிரேக்கச் சொல்லே ‘நிடேரியா’ என்னும் இன்றைய தொகுதிப் பெயராக நிலைத்திருக்கிறது. பூ என்னும் உவமை ஐரோப்பாவில் ஓங்கியது பின்னாளில்தான்: 1767-இல் ஜான் எல்லிஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘விலங்குப் பூ’ என்ற தொடர் இருக்கிறது.

தமிழில் கடற்சாமந்தி என்று வழங்கியவர்கள் அனிமோன் பூவைத் தேடிப் போகாமல், நம் வீட்டு வாசலில் முழம் போட்டு விற்கும் பூவையே எடுத்துக்கொண்டார்கள். நடுவில் வட்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய இதழ்கள் என்ற தோற்றம் இவ்விலங்கோடு அனிமோன் பூவைவிடச் சாமந்தியிலேயே நன்றாகப் பொருந்துகிறது. காற்றோடு இதற்கு ஓர் உறவும் இல்லாதபோது, காற்றின் பெயரைக் கடன் வாங்கி வைத்திருப்பதைவிடக் கடற்சாமந்தி என்பதே தகுந்த சொல் என்பது என் துணிபு. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: நாம் ஒரு சாமந்திப் பூ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம்; கடற்சாமந்தியோ ஒற்றை விலங்கு, ஒற்றை வாய், ஒற்றை வயிறு. பூவின் பெயரைக் கேட்டு, ஒளி மட்டும் போதும், ஊட்டவேண்டியதில்லை என்று எண்ணுவோர் அதைப் பட்டினியால் இழக்கிறார்கள்.

இதன் இளமைப் பெயர் என்ன என்பது இன்னும் சுவையான கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தந்து, எவ்வுயிர்க்கு எது உரியது என்றும் வகுக்கிறது. பறப்பவற்றுக்குரிய பார்ப்பும் பிள்ளையும் தவழ்பவற்றுக்கும் பொருந்தும் என்கிறது. நெல்லும் புல்லும் நீங்கலாக, மரம் முதலிய ஓரறிவுயிர்களுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகியவற்றைக் கொள்ளலாம் என்கிறது. ‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ என்று நத்தை, சிப்பி போன்ற, தொடு உணர்வும் சுவை உணர்வும் உடையவற்றை அது பிரித்துக் காட்டுவதால், தொடுகையையும் நீரில் கரைந்த இரையின் சுவையையும் உணரும் கடற்சாமந்தியை அந்த வரிசையிலேயே வைக்கத் தோன்றுகிறது. அடித்தட்டால் மெல்ல ஊர்ந்து இடம்பெயரும் அது தவழ்வதும்தான். ஆகவே இலக்கணப்படி ‘பிள்ளை’ என்பது எவ்வகையிலும் பிழையாகாது. ஆயினும் பிறக்கும் முறையைப் பார்த்தால் ஒரே பெயர் போதவில்லை.

எய்ப்டேசியா என்னும் கண்ணாடிச் சாமந்தி ஊர்ந்து செல்லும்போது தன் அடித்தட்டின் சிறு துணுக்குகளைப் பாறையில் விட்டுச்செல்கிறது. ஒவ்வொரு துணுக்கும் சில நாட்களில் வாயும் உணர்கொம்பும் பெற்றுத் தனி உயிராகிறது. வாழையின் அடியில் பக்கக்கன்று வெடிப்பதை ஒத்த இதைக் ‘கன்று’ என்பதே இயல்பு. கோமாளி மீனுக்கு இருப்பிடமாகப் பலரும் வளர்க்கும் குமிழ்நுனிச் சாமந்தி, அதாவது என்டக்மியா குவாட்ரிகலர், தொட்டியில் பெரும்பாலும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பெருகும். அதனைக் ‘கூறு’ எனலாம். முட்டையிலிருந்து வருவது மிதக்கும் இளவுயிரி. ஈழத்துப் பாடநூல்கள் அதைக் குடம்பி என்னும். ஆக்டினியா எக்வினா என்ற வடகடல் இனமோ குட்டிகளைத் தன் வயிற்றுக்குள் வளர்த்து வாய்வழியே வெளியிடும். 1828-இல் ஸ்காட்லாந்தின் வடபெரிக் கரையில் சர் ஜான் டால்யெல் எடுத்துவந்த அத்தகைய சாமந்தி ஒன்று, அவர் மறைந்த பின்னும் கைமாறிக் கைமாறி 1887 வரை எடின்பரோவில் ஒரு கண்ணாடிக் குவளையில் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளை ஈன்றது. அதைப் ‘பாட்டி’ என்றே அழைத்தார்கள்.

இப்பிறப்பு வேறுபாடே அடையாளம் காண்பதற்கு முதல் துணை. குமிழ்நுனிச் சாமந்தியின் கூறு ஏறக்குறையத் தாயின் பாதி அளவில், தாயின் நிறத்திலேயே, அதன் அருகிலேயே தோன்றும். தொட்டியின் வேறொரு மூலையில், தாயே இல்லாத இடத்தில், மிளகளவில் பழுப்பாக ஒன்று தென்பட்டால் அது பெரும்பாலும் பாறையோடு வந்த எய்ப்டேசியாவின் கன்றுதான். உருப்பெருக்காடி கொண்டு பார்த்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய நீண்ட தண்டும், நுனி கூர்ந்து நெடிதும் குறுகியதுமாகக் கலந்து நிற்கும் உணர்கொம்புகளும் தெரியும். ஒரு குச்சியை அருகில் கொண்டுசென்றாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துளைக்குள் ஒடுங்கிவிடும். மஜானோ என்று வளர்ப்போர் அழைக்கும் இனம் குட்டையான உடலும் சற்றே தடித்த நுனிகளும் கொண்டு, பச்சையிலும் ஊதாவிலும் அழகாகவே இருக்கும். அந்த அழகுக்கு மயங்கி விட்டுவைத்தால் அதுவும் பாறையெங்கும் பரவும். குமிழ்நுனிச் சாமந்தியின் உணர்கொம்பில் நுனிக்குச் சற்றுக் கீழே புடைப்பும், பலவேளைகளில் ஒரு வெண்வளையமும் காணலாம். ஆனால் இப்புடைப்பு வந்து வந்து மறைவது, ஆகவே அது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. அடியில் சுண்ணாம்புக் கூடு தட்டுப்பட்டால் அது கடற்சாமந்தியே அன்று, பவளம்.

எய்ப்டேசியா என்னும் களைதான் என்று உறுதியானால், அகற்ற எண்ணி அதை நறுக்கவோ நசுக்கவோ சுரண்டவோ கூடாது. சிதறும் துணுக்குகள் கன்றுகளாகிவிடும். செறிந்த சுண்ணாம்புநீரை ஊசியால் அதன் வாய்க்குள் செலுத்துவதும், அதையே உண்டு வாழும் பெர்கியா என்ற ஓடிலாக் கடல்நத்தையை விடுவதும் பயன்தரும் வழிகள்.

வளர்க்க வேண்டிய இனம் என்றால், கன்றையோ கூறையோ அது நிற்கும் இடத்திலேயே விட்டுவிடுவது மிக நல்லது. அடித்தட்டுக் கிழிந்த சாமந்தி எளிதில் பிழைப்பதில்லை. இடம் பிடிக்கவில்லையென்றால் அது தானே நகரும். அவ்வாறு நகரும் நாட்களில் நீரேற்றியின் வாயில் சிக்கி அரைபட்டுவிடும் என்பதால் அதற்கு வலையோ நுரைப்பஞ்சோ கட்டாயம் வேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள், உப்புச் செறிவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 அளவில், கார அமிலநிலை (pH) 8.1 முதல் 8.4-க்குள் இருக்க, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருத்தல் வேண்டும். புதிதாக நிறுவிய தொட்டி இந்நிலைக்கு உறுதிப்படச் சில மாதங்கள் பிடிக்கும். சென்னை போன்ற ஊர்களின் கோடையில் குளிரூட்டி இல்லாத தொட்டி 30 பாகையைத் தாண்டிவிடும். ஆவியாகிக் குறைந்த நீரை உப்பில்லாத தூய நீரால் நாள்தோறும் ஈடுசெய்யவேண்டும், ஏனெனில் நீர் போனாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறிவு ஏறுகிறது.

இதன் திசுக்களுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள் ஒளியால் உணவாக்கித் தருகின்றன. உடல் வெளுத்துப்போன கன்று அப்பாசிகளை இழந்தது என்று அறிந்து, ஒளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அடிக்கடி ஊட்டவேண்டும். இளங்கன்றுக்கு அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளும், சற்று வளர்ந்ததற்கு உளுந்தளவில் நறுக்கிய இறாலோ மட்டிச்சதையோ வாரம் ஓரிரு முறையும் போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் செரிக்காமல் வாய்வழியே கக்கிவிடும். மீன்களுக்கு நோய் கண்டால் செம்பு கலந்த மருந்தை அத்தொட்டியில் ஊற்றவே கூடாது, அது முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சு. உணவுண்ட மறுநாளோ கழிவை வெளியேற்றும்போதோ கன்று சுருங்கிக் கிடப்பது இயல்பே. ஆனால் வாய் பிளந்தபடியே நின்று, உடல் குழைந்து நாற்றம் வீசினால், நீர் முழுவதும் கெடுமுன் அதை எடுத்துவிட வேண்டும்.